திண்டிவனத்துத் தொட்டியில் காணாமல் போன மீன்கள்

மீன் தொட்டி வியாபாரத்தில் மீனை விற்பது சுலபம். எந்த மீனோடு எந்த மீன் குடித்தனம் பண்ணும் என்று சொல்வதில்தான் உயிர் போகும். இதில் ஒரு பெரிய சிரிப்பு இருக்கிறது. அதை இப்போதே கொடுத்துவிட மாட்டேன். கடை வாசலில் நின்று வாடிக்கைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? நமக்கு வரவேண்டிய சிரிப்பு எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

எனக்கு வயது பதினாறு. விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே சித்தப்பாவின் கண்ணாடிக் கடை. சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தவர், மதராஸில் யார் வீட்டிலோ மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தி, இடுக்கில் மக்கு என்கிற பசையை வைத்து அடைத்து, அதையும் விற்க ஆரம்பித்தார். மீன்கள் மதராஸிலிருந்து பானையில் ரயிலேறி வரும். எனக்குச் சொந்தமாக ஒரு வித்தை உண்டு. யார் குரலையும் பேசுவேன். சித்தப்பாவின் இருமல், போர்ட்டரின் கத்தல், எதிர்க்கடை எண்ணெய்க்காரரின் ஏப்பம் எல்லாம் என் தொண்டையில் இருக்கின்றன.

இரண்டு சண்டை மீன்

திண்டிவனம் ரைஸ்மில் முதலாளி அண்ணாமலை ஒரு நாள் கடைக்கு வந்தார். ரேஷன் வந்ததிலிருந்து ஊரில் எல்லோருமே எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். அவர் அதற்கு முன்பிருந்தே சந்தேகப்பட்டு வருகிறவர். நாற்காலியைக்கூடக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். தனித்தனி ஜாடியிலிருந்த சண்டை மீன்கள் இரண்டையும் காட்டி, ஒரே தொட்டியில் போட்டுத் தரச் சொன்னார்.

சேர்த்தால் ஒன்றை ஒன்று கிழித்துவிடும் என்றார் சித்தப்பா. எங்கள் கடைச் சட்டத்தையும் சொன்னார்: ஒரு மீன் இன்னொன்றின் வாய்க்குள் நுழையும் அளவில் இருந்தால் இரண்டும் சேர்ந்து இருக்கக்கூடாது. ஆகவே ஒரே அளவில் பத்து தங்க மீன் குஞ்சுகள் எடுத்துக்கொள்வது நல்லது. அண்ணாமலைக்கு வருத்தம்தான், ஆனாலும் தொட்டியோடு பத்தையும் வாங்கிக்கொண்டார். மூக்கால் இழுத்துப் பேசினார்: "ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு கண்ணு வெச்சிக்கினு இருந்தா, நமக்குக் காவல் வேலை மிச்சமாச்சேன்னு பாத்தேன்."

தட்டிக்குப் பின்னால் ஒரு குரல்

ஐப்பசி மழையில் ஏரி ஓரம் விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வரும். விரால் குஞ்சைப் பார்த்திருக்கிறீர்களா? குங்குமத்தில் முக்கி எடுத்தது போல் செக்கச்செவேல் என்று இருக்கும். அழகுக்காக இரண்டைப் பிடித்து வந்து கடை ஜாடியில் விட்டிருந்தேன். அன்று பார்த்து அண்ணாமலை வந்தார். அவர் வீடு சுத்த சைவம், விராலைக் குழம்பில்கூடப் பார்த்ததில்லை. "இது இன்னா மீனு?" என்றார். என் நாக்கு சும்மா இருக்குமா? "சீமைச் செம்மீனுங்க" என்றேன்.

சின்னப் பையன் பேச்சை நம்ப முடியாது, சித்தப்பாவைக் கூப்பிடு என்றார். சித்தப்பா மதராஸ் போயிருந்தார். நான் தட்டிக்குப் பின்னால் போய் இரண்டு தடவை இருமிவிட்டு, சித்தப்பா குரலில், "உள்ள மக்கு வேலையா இருக்கேன் மொதலாளி. எடுத்துக்கினு போங்க. தங்க மீனோட அண்ணந்தம்பியா இருக்கும்" என்றேன். வெளியே வந்தபோது அவர் மடியிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டே சொன்னார்: "பெரியவங்க வாயால வந்தாத்தான் எனக்கு நம்பிக்கை."

வெயிலில் கறுத்தது

வாரம் ஒரு முறை பாசஞ்சரில் திண்டிவனம் போய் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது என் வேலை. மண்புழு போடச் சொன்னேன். சைவ வீட்டில் புழு வரக்கூடாதாம். கடலை மாவு தூவினார்கள். தங்க மீன் தின்றது. விரால் மாவைத் தொடுமா? அது வேறு வழி பார்த்துக்கொண்டது.

தை மாதத்தில் பத்து ஏழாயிற்று. விரால் இரண்டும் சிவப்பு போய்க் கறுத்து, என் நடுவிரல் நீளத்தைத் தாண்டிவிட்டன. நிறம் ஏன் மாறியது என்று அண்ணாமலை கேட்டார். சீமையிலிருந்து வந்தது, நம் ஊர் வெயில் என்றேன். அதை ஒப்புக்கொண்டார். காணாமல் போன மூன்றைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் பூனை மேல் சந்தேகம். பூனைக்குத் தொட்டி எட்டாது என்று தெரிந்ததும், சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்: "நம்ம கன்னியப்பன் ஏப்பத்துல ஒரு வாடை வருதே, உனுக்கு வரல?"

பூட்டும் அரக்கும்

கன்னியப்பன் அந்த வீட்டுச் சமையல்காரர், கிளியனூர்க்காரர். வீடு வீடாகச் சைவச் சமையல் செய்தே பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர். அண்ணாமலை தொட்டிக்குக் கம்பி வலை மூடி போட்டுப் பூட்டினார். சாவி அரைஞாணில். மறு வாரம் ஐந்துதான் இருந்தது. கள்ளச் சாவி என்றார். பூட்டின் மேல் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். முத்திரை முழுசாக இருக்க, மூன்று ஆயிற்று. எனக்கு ஒரு பக்கம் வயிறு குலுங்கியது. ஆனால் கன்னியப்பன் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுப் பேசியதிலிருந்து சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "தம்பி, மீன் வாடையே எனக்கு ஆவாது. சைவ வூட்டுல மீனைத் திருடித் தின்னான்னு பேரு வந்தா, அப்பறம் எந்த வூட்டு அடுப்பை நான் தொடறது?" என்றார்.

உண்மையைச் சொன்னால் சித்தப்பா கடையின் பேர் போய்விடும். என்னை மல்லாட்டைக் கொல்லைக்கு நிலக்கடலை பிடுங்க அனுப்பிவிடுவார். ஆகவே குறுக்கு வழி பார்த்தேன். கறுத்த மீன் இரண்டுக்கும் உடம்பு சரியில்லை, கடைக்கு எடுத்துப்போய் வைத்தியம் பார்க்கிறேன் என்றேன். அண்ணாமலை கண்ணைச் சுருக்கினார்: "நல்லா கொழுத்ததை எடுத்துக்கினு போயி வேற எவனுக்காவது விக்கப் பாக்கறியா?"

கையை விடு

மறு வாரம் போனபோது ஒரே ஒரு தங்க மீன் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் கன்னியப்பனின் தகரப் பெட்டி. பகல் வண்டிக்கு அவரை அனுப்பிவிடுவதென்று முடிவாகியிருந்தது. அவர் கண்ணைத் துடைக்கவில்லை. துண்டை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா குரல் இங்கே உதவாது, என் சொந்தக் குரலில்தான் பேச வேண்டியிருந்தது. மெதுவாக, "மொதலாளி, அந்தக் கறுப்பு ரெண்டையும் இன்னிக்கே எடுத்துடலாங்க" என்றேன்.

"இன்னும் அதே பேச்சா? சரி, எடு" என்று முத்திரையை உடைத்துப் பூட்டைத் திறந்தார். நான் ஒரு துணி கேட்டேன். எதற்கு என்றார். வழுக்கும் என்றேன். போன வாரம் தண்ணீர் மாற்றக் குழாயை விடும்போது ஒன்று என் விரலைக் கவ்வி இழுத்த காயம் இன்னும் ஆறவில்லை என்பதை எப்படிச் சொல்வது? "தங்க மீனை வெறுங்கையால புடிச்சியே. இதையும் அப்பிடியே புடி" என்றார். கையைத் தண்ணீர் வரை கொண்டுபோனேன். கறுப்பு இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்தன. கை தானாகப் பின்னால் வந்தது.

அண்ணாமலை என் கையைப் பார்த்தார். திறந்திருந்த அந்த வாய்களைப் பார்த்தார். மூலையில் நின்ற தங்க மீனைப் பார்த்தார். கடைசியாக என் முகத்தைப் பார்த்தார். மீன் காணாமல் போனதற்கு அந்த வீட்டில் அவர் அதுவரை சந்தேகப்படாதவன் நான் ஒருத்தன்தான். நாற்காலியை நகர்த்தி வாசல் நிலைக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார்.

"கன்னியப்பா, பொட்டியை உள்ள எடுத்து வை. தம்பி, நீ போவாத."

எல்லோரையும் சந்தேகப்படுகிறவரை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம், வரிசையில் நம்முடைய முறை வருகிற வரைக்கும்.