பாலை நிறுத்திய கதை

ஆலத்தியூரிலிருந்து அரியலூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மூட்டை ஏற்றும்போது அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியதால் மேஸ்திரி என்னை நிறுத்திவிட்டார். இப்படிப் போன வேலைகள் பல. பெரம்பலூர் டாக்டர் முதலில் பாலை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். அடுத்த முறை போனபோது, நிறுத்தியும் குறையவில்லை என்றேன். அப்படியானால் பால் ஒவ்வாமல் வருவதல்ல, குடல் எரிச்சல் நோய், ஆயுசுக்கும் கூடவே இருக்கும் என்றார்.

வழியில் டீ குடித்தபடி கடைக்கார அக்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன்.

“பாலை நிறுத்திட்டீங்களா? அப்ப கையில இருக்கறது என்னங்கண்ணே, கழனித்தண்ணியா?”

கிளாஸைப் பார்த்தேன். எங்களுக்கு டீ டீதான். அதைப் பால் என்று யாரும் நினைப்பதில்லை. தினமும் ஏழெட்டுக் குடித்துக்கொண்டே டாக்டரிடம் பாலைத் தொடவில்லை என்றிருக்கிறேன். போன வேலைகள் திரும்பாது. என்ன நோய் என்பதும் இனிமேல்தான் தெரிய வேண்டும்.

மறுநாள் காலை கீழப்பழுவூரில் கட்டட வேலைக்குச் சேர்ந்தேன். டீ வேண்டாம் என்றேன். ஒதுங்க இடம் எங்கே என்றும் கேட்டுவைத்துக்கொண்டேன்.