பூவுக்காக நின்றேன்

பங்குனி மாதம் செங்கல்பட்டைச் சுற்றியுள்ள காட்டு மலைகளில் பூ பார்க்க, ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் ஏறுகிறது. என் மருமகள் போவாள், நானும் போனேன். கூட்டத்தின் தலைவர் அணுமின் நிலைய வேலையில் ஓய்வு பெற்று அணுபுரத்தில் இருப்பவர். பின்தங்குகிறவர்களை அடுத்த வாரம் மலையடிவாரத்தில் நிற்கும் வேனிலேயே உட்கார வைத்துவிடுவார். வேனில் டிரைவர் தூங்குவார். பேச ஆள் கிடையாது.

என் முட்டிகள் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் நின்றே தேய்ந்தவை. அங்கே நாற்காலி மேனேஜருக்கு மட்டும்தான். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, அது வேறு கதை. மலையில் மூச்சு வாங்கும்போதெல்லாம் ஒரு செடி முன்னால் குனிந்து நின்றேன்.

"இன்னா மாமா, அங்கியே நின்னுகினு கீறீங்க?" என்றாள் மருமகள்.

"பூ எம்மாம் சின்னதா கீது பாரும்மா."

எல்லோரும் நின்று பார்த்தார்கள். தலைவர் என்னையே பார்த்தார். அடுத்த வாரம் வேன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே இறங்கியதும் அவர் சொன்னார்: "பெரியவருக்குத்தாங்க பூ மேல அக்கறை. அடுத்த வாரம் இவர்தான் முன்னாடி நடக்கணும்."

நடந்தேன். முன்னால் போகிறவன் பின்தங்க வழியில்லை. பாதி மலைகூட ஏறவில்லை, பின்னாலிருந்து தலைவரின் குரல் இரைத்துக்கொண்டு வந்தது.

"பெரியவரே, அடுத்த பூ எங்கங்க?"

"தோ, இங்கியே கீது சார்."

அது வெறும் முட்செடி. எல்லோரும் சுற்றி நின்று வெகுநேரம் போட்டோ எடுத்தார்கள்.