ஞாயிற்றுக்கிழமை குதிரைகளை அவிழ்த்துவிட்டேன்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மணப்பாட்டில் என் தங்கை கண்ணை மூடியபோது அவள் பிள்ளைகள் இரண்டையும் இங்கே தூக்கி வந்துவிட்டேன். ஏழு பேரும் படித்து நல்ல நிலையில் இருக்கிறார்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஜெபப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். இப்போது உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஒரு பெரிய நகரத்தைப் பிடித்தேன். அதை எப்படிப் பிடித்தேன் என்பதை என் பேத்தி ஊரெல்லாம் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

பேத்தி என் மூத்த மகனின் மகள். கல்லூரியில் கடைசி வருஷம். ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உப்பளத்து ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது கை ஒடிந்தது. முழங்கைக்கு மேலே வரை மாக்கட்டு. பரீட்சை போயிற்று. அதோடு பேச்சும் குறைந்துபோயிற்று. சோற்றைப் பிசைந்து ஊட்டினால் நாலு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கென்று உடையாமல் மிச்சமிருந்தது கம்ப்யூட்டரில் இருந்த ஒரு விளையாட்டு மட்டும்தான்.

பழைய காலத்து ராஜ்ஜியங்கள் சண்டை போடுகிற விளையாட்டு. அவள் எடுத்திருந்தது சித்தியர் என்ற இனம். அவர்களுக்கு மதிலும் கிடையாது, மாளிகையும் கிடையாது. குதிரையும் வில்லும்தான் சொத்து. எட்டு மாதமாக ஆடி, ஆறு நகரத்தில் ஐந்தைப் பிடித்து வைத்திருந்தாள். ஆறாவது நகரத்தின் முன்னால் அவளுடைய ராஜாவும் அவருடைய ஒரே மகனும் படையோடு நின்றார்கள். அவர்கள் இரண்டு பேரும் செத்தால் வம்சம் அற்றுப்போகும், ஆட்டமும் முடிந்துபோகும். செய்த தப்பைத் திருத்திக்கொள்ளப் பழைய இடத்துக்குத் திரும்புகிற வழியை அவளே முதலில் அடைத்துவிட்டாளாம். அப்படி ஆடினால்தான் மதிப்பாம்.

“எனக்குக் கை இல்ல ஆச்சி. நீங்க என் கையா இருங்க” என்றாள்.

“ஏளா, எனக்கு இங்கிலீசுல ஒரு எழுத்து தெரியாதே.”

“எழுத்து எதுக்கு? நான் சொல்லுதேன், நீங்க அழுத்துங்க.”

அவள் வாய் திறந்து அத்தனை வார்த்தை பேசியே பல நாள் ஆகியிருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகு எனக்கு அது பிடித்துப்போயிற்று. நாம் மணல்கடிகாரப் பொத்தானை அழுத்துகிறவரைக்கும் எதிரி அசையமாட்டான். நான் குசினிக்குப் போய் மீன் சட்டியைக் கழுவிவிட்டு வந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பான். அவள் அப்பன், என் மூத்த மகன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வேலை முடிந்து வந்தவன் வாசலிலேயே நின்று பார்த்தான்.

“யம்மா, நான் கிரேன் ஓட்டுதேன், நீங்க குதிரை ஓட்டுதியளா? ஒங்களுக்கும் ஒரு லைசென்சு எடுத்துருவமா?”

“நீ கிரேன் ஓட்டி எத்தனை ஊரைப் பிடிச்சல?” என்றேன். பேத்தி சிரித்துவிட்டாள்.

எனக்குக் குதிரை என்றால் கோயிலில் புனித சந்தியாகப்பர் ஏறியிருக்கிற வெள்ளைக் குதிரைதான் நன்றாகத் தெரியும். இந்தக் குதிரைகள் வெட்டவெளியில் காற்று மாதிரி போகும். மதில் ஏறத்தான் தெரியாது. இதற்கு முன் இரண்டு தடவை முதலிலிருந்து ஆடி, இதே மதிலில் முட்டித்தான் தோற்றாளாம். அதனால் இந்தத் தடவை நகரத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே தானியம் தீர்ந்தால் அவர்களே பணிவார்கள். இடையில் விலகினால் தானியம் மறுபடி உள்ளே போய்விடும், நின்றதெல்லாம் வீண்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்தது. பேத்தி வலி மாத்திரை போட்டுக்கொண்டு என் பக்கத்துக் கட்டிலிலேயே படுத்தாள்.

“ஆச்சி, மணல்கடிகாரப் படத்தை ரெண்டு தடவை அழுத்துங்க, போதும். குதிரையை மட்டும் தொட்டுராதிய.”

அவள் தூங்கிவிட்டாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வள்ளமெல்லாம் கரையில் கிடந்தது. எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். என் வீட்டுக்காரர் சங்கு குளித்தவர். கடல் எத்தனை தெளிந்து கிடந்தாலும் ஞாயிறு அன்று கடலில் கால் நனைக்கமாட்டார். திரையில் பார்த்தால் இந்தக் குதிரைகள் மதிலைச் சுற்றித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு காவல் நிற்கின்றன. ஐம்பது வருஷமாக என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆளை நான் வேலைக்கு அனுப்பியதில்லை. மதிலுக்குச் சற்றுத் தள்ளி ஆறு, கரையெல்லாம் புல். ராஜாவையும் மகனையும் குதிரைகளையும் ஒவ்வொன்றாக ஆற்றங்கரைக்கு நகர்த்திவிட்டு, மணல்கடிகாரத்தை அழுத்தினேன்.

நகரத்தின் கதவு திறந்தது.

முரசுச் சத்தம் கேட்டது. உள்ளே இருந்த காலாட்படை அத்தனையும் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. படம் மாறி ராஜாவின் முகம் பெரிதாகத் தெரிந்தது. எட்டு மாதத்து உழைப்பு, மிச்சமிருந்த ஒன்றே ஒன்று, அதை என் விரலால் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் காலைப் பிடித்து உலுக்கினேன்.

எழுந்து பார்த்தவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“என்ன ஆச்சி செஞ்சிய?”

“ஞாயித்துக்கெழம ஆச்சே, புல்லு மேயட்டும்னு விட்டேன்.”

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குரல் மாறிப்போயிற்று. “ஆச்சி, அவனுவ வெட்டவெளிக்கு வந்துட்டானுவ. கிட்ட போகாதிய. ஓடுங்க. ஓடிக்கிட்டே அடிங்க.”

ஓடினேன். எழுபத்தாறு வயதில் அப்படி ஓடியிருக்கிறேன். ஓடுகிற குதிரைமேல் இருந்தபடியே அந்த ஆட்கள் பின்னால் திரும்பி அம்பு விட்டார்கள். ஈட்டிக்காரர்கள் துரத்திவந்து மூச்சு வாங்கி நின்றார்கள். நின்ற இடத்திலேயே விழுந்தார்கள். “இடது பக்கம் ஆச்சி, ராஜா மகனைக் கூட்டத்துலேருந்து வெளியே எடுங்க” என்று அவள் கத்த, அவனை வெளியே எடுத்தேன். மிச்சப் பேர் சிதறினார்கள். கதவு திறந்தே கிடந்தது. அதற்குள் குதிரைகளை விட்டேன்.

திரையில் பொன் எழுத்தாக என்னவோ வந்தது. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். அவள் மாக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தாள். மெதுவாக, “ஜெயிச்சுட்டோம்” என்றாள். என் விரல் மவுஸின் மேலேயே விறைத்து நின்றது. அந்த நகரத்துக் கரையிலும் வள்ளங்கள் ஏற்றிக் கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக எத்தனை பேரைச் சாய்த்துவிட்டேன் என்று ஒரு பக்கம் திக்கென்றது. இன்னொரு பக்கம் எழுந்து நின்று ஊரைக் கூப்பிட வேண்டும்போல இருந்தது. அன்று சாயங்காலம் அவள் இரண்டு தட்டு இடியாப்பம் சாப்பிட்டாள்.

இப்போது மாக்கட்டுப் பிரித்தாயிற்று. பரீட்சைக்குப் படிக்கிறாள். ஆனால் சிநேகிதிகள் போன் பண்ணும்போதெல்லாம், எங்க ஆச்சி பின்வாங்குவதுபோலப் போக்குக் காட்டி எதிரியை வெளியே இழுத்தாள், பெரிய தந்திரக்காரி என்கிறாள். நான் யாரையும் ஏமாற்றவில்லை. உழைத்த குதிரைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தேன். வந்தது அவர்கள். அதைத்தான் நான்கு நாளாக உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

ஏளா, இங்கன வா. இதை முதலிலிருந்து சத்தமாக வாசி. போனைக் கீழே வைக்காதே, உன் சிநேகிதிகளும் கேட்கட்டும்.