பவளத்துக்கு அந்தப் பக்கம்

வங்கிப் பெட்டகத்தில் எங்கள் நகை முழுவதும் இருந்தது. என் மனைவி சரோஜா மருத்துவமனைக் கட்டிலில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். இரண்டுக்கும் நடுவில் நின்றது நான் போட்ட ஒரு கையெழுத்து. அந்த நாளில் எங்கள் மலைக் காளியம்மன் எனக்குச் செய்ததை, அவளை நம்பும் உங்கள் எல்லோருக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன். மறைத்துவிடலாம் என்று நினைத்த பகுதிகளையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இல்லையென்றால் இது சாட்சி ஆகாது.

நான் மலைமேல் ஜமுனாமரத்தூரில் குடியிருக்கிறேன். துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மனுவை எந்த மேசையில் கொடுக்க வேண்டும், எத்தனை நகல் வைக்க வேண்டும், எந்தச் சான்று இல்லாவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். திருப்பி அனுப்புவதில்தான் கொஞ்சம் அதிகமாகப் பேர் வாங்கினேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வயதான காலத்தில் பிள்ளை பார்த்துக்கொள்ளாவிட்டால் தங்கம் பார்த்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. நோட்டு மதிப்பிழக்கலாம், நிலத்தில் வழக்கு வரலாம், தங்கம் அப்படியே இருக்கும். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்ததை எல்லாம் தங்கமாக மாற்றினேன். போன தீபாவளிக்கு முன் கணக்கில் மிச்சமிருந்ததையும் மாற்றினேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் எனக்கு ஒரு நோய் இருந்தது. அதன் பெயர் செல்வி.

செல்வி சரோஜாவின் தங்கை. நெல்லிவாசல்நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவன் ஏழுமலை எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். சாமை விதைப்பான், புளி உலுக்குவான், ஆடு வளர்ப்பான். அவர்கள் வீட்டுக்குப் போனால் உட்கார இடம் இருக்காது. ஒரு மூலையில் சாமை மூட்டை, இன்னொரு மூலையில் உப்புப் போட்டு அடைத்த புளிப் பானைகள், வாசலில் ஆடுகள். இரண்டு பிள்ளைகள் வேறு. அந்த நெரிசலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என் வீடு சுத்தமாக இருக்கும். சத்தமே இருக்காது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அவள் கழுத்து. சிவப்புக் கயிற்றில் நடுவே ஒரு பவளம், அதன் இரண்டு பக்கமும் தங்கக் குண்டுகள். ஒவ்வொரு ஆடி மாதமும் காளியம்மன் கோயிலில் பொங்கல் வைக்கும்போது அவளைப் பார்ப்பேன். அம்மனைப் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிடுவேன். ஒரு வருடம் பன்னிரண்டு குண்டுகள் இருந்தன. அடுத்த வருடம் பதினான்கு. பிறகு பதினெட்டு. எப்போதும் இரண்டு இரண்டாகவே ஏறின. ஒன்று ஏறினால் போதாதா இவளுக்கு என்று தீபாராதனையின்போது நினைத்திருக்கிறேன். படித்தவன், பதவியில் இருந்தவன், ஆட்டுக்காரியின் கழுத்தில் கண்ணை வைத்துக்கொண்டு கைகூப்பி நின்றேன்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய விஷயமும் உண்டு. பதினோரு வருடங்களுக்கு முன் ஏழுமலை வீட்டில் மழை பொய்த்து எதுவும் விளையவில்லை. சரோஜா என்னைக் கேட்காமல் தன் வளையல் ஒன்றைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிட்டாள். ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை. எழுத்தில் ஏதாவது வாங்கினாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்படியென்றால் வளையல் போனது போனதுதான் என்று தீர்ப்பு எழுதினேன். அவளும் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

அதனால்தான் போளூரில் பெட்டகம் எடுத்தபோது அந்தக் காரியத்தைச் செய்தேன். படிவத்தில் 'இருவரில் யாரேனும் ஒருவர்' திறக்கலாம் என்று ஒரு கட்டம், 'இருவரும் நேரில் சேர்ந்து' என்று இன்னொரு கட்டம். வயதானவர்கள் முதல் கட்டத்தையே வைத்துக்கொள்வது நல்லது என்று அங்கிருந்த பெண் சொன்னார். நான் இரண்டாவதை நிரப்பினேன். சரோஜா தனியாக வந்து எடுத்துத் தங்கைக்குக் கொடுத்துவிடக் கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஆம்புலன்ஸில் மலை இறங்கி வேலூர் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. மூளையில் இரத்தக் கசிவு, மாலைக்குள் அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார் மருத்துவர். ஓய்வூதியர் காப்பீட்டில் பிறகு திருப்பிக் கேட்கலாம். நடைமுறை எனக்குத் தெரியும். ஆனால் முன்பணம் இப்போதே கட்ட வேண்டும். என் கணக்கில் மிச்சம் இருந்தது வண்டிச் செலவுக்குத்தான் காணும்.

போளூர் வங்கிக்குப் பேசினேன். மேலாளர் ஓர் இளம்பெண். அனுதாபத்தோடுதான் பேசினார்.

"சார், ரெண்டு பேரும் நேர்ல வரணும்னு நீங்கதான் சார் எழுதிக் குடுத்திருக்கீங்க."

"அவ நினைவில்லாம கிடக்கிறா அம்மா."

"நாங்களே ஆஸ்பத்திரிக்கு வந்து கைரேகை வாங்கிக்கலாம் சார். ஆனா அவங்களுக்கு நினைவு இருக்கணும். இல்லன்னா மேலிடத்துக்கு எழுதித்தான் கேக்கணும். உங்களுக்குத் தெரியாததா சார்?"

தெரியும். நன்றாகவே தெரியும். நினைவில்லாதவர்களின் விரலைப் பிடித்து மையில் தோய்த்து வைத்த எத்தனையோ கைநாட்டுகளைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான். செவிலியர் மேசையில் ஒரு மைப்பெட்டி இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரோஜாவின் கட்டைவிரலையும் பார்த்தேன். துணி சோப்பு இன்னும் நகத்தில் ஒட்டியிருந்தது.

நண்பர்கள் மூன்று பேருக்குப் பேசினேன். ஒருவர் ஊரில் இல்லை. ஒருவர் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மூன்றாமவர் எனக்காகப் பிரார்த்தனை செய்வதாகச் சொன்னார்.

படிக்கட்டுத் திருப்பத்தில் போய் நின்றேன். அழுகை வந்தது. வாழ்நாள் முழுவதும் கோயிலுக்குப் போனவன், அன்றுதான் முதல்முறையாக வேண்டினேன் என்று சொல்ல வேண்டும். ஆனாலும் பழக்கம் விடவில்லை. "தாயே, இவளை எனக்குக் கொடு. எப்படியாவது உதவி அனுப்பு. யார் மூலமாக வேண்டுமானாலும் அனுப்பு. ஒரே ஒரு நிபந்தனை. செல்வி வீட்டிலிருந்து மட்டும் வேண்டாம்." இப்படித்தான் வேண்டினேன். மனைவி உயிருக்குப் போராடும்போதும் அம்மனுக்கு நிபந்தனை போட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தால், செல்வியும் ஏழுமலையும் படியேறி வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொல்லியிருக்கிறார். ஜீப்பைப் பிடித்து, பஸ் மாறி வந்திருக்கிறார்கள். ஏழுமலை தோளில் ஒரு சாக்கு.

"அக்கா கண்ணு தொறந்துச்சா மாமா? டாக்டரு இன்னா சொல்றாரு?" என்றாள் செல்வி.

என் கண் வழக்கமான இடத்துக்குப் போய்விட்டது. பவளத்துக்கு இடது பக்கம் குண்டுகள் இருந்தன. வலது பக்கம் வெறும் கயிறு.

இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து என் கையில் வைத்தாள். "பஸ் ஸ்டாண்டாண்ட கடையில வித்துட்டுத்தான் வர்றோம். மொதல்ல போய் கட்டுங்க. பத்தலன்னா இந்தப் பக்கமும் இருக்குது, கழட்டித் தர்றேன்."

அந்த நிமிடம் எனக்கு நன்றி வரவில்லை. இவளிடமா கைநீட்ட வேண்டும் என்ற எரிச்சல்தான் வந்தது. "கடனாத்தான் வாங்கிக்குவேன். பத்திரம் எழுதித் தர்றேன்," என்றேன்.

செல்வி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இன்னாத்துக்கு மாமா பத்திரம்? இது அக்காவோடதுதானே!"

எனக்கு விளங்கவில்லை.

ஏழுமலை சாக்கை இறக்கி வைத்தான். "அண்ணே, அக்கா அன்னிக்கு ஒரு வளையலு குடுத்துச்சு இல்ல? அதுல ரெண்டு பொட்ட ஆடு வாங்குனோம். அக்காவோட ஆடு, எங்க மேய்ப்பு. வாரந்தான். குட்டி போட்டா ஆளுக்குப் பாதி."

"ஆடு விக்கிறப்போல்லாம் ரெண்டு குண்டு வாங்குவேன் மாமா," என்றாள் செல்வி. "பவளத்துக்கு இந்தப் பக்கம் என்னுது. அந்தப் பக்கம் அக்காவுது."

"அவகிட்டயே குடுத்திருக்கலாமே?"

"குடுத்தேனே! வூட்ல வெச்சா உங்க மாமா பொட்டியில போட்டுப் பூட்டிருவாரு, உன் கழுத்துலயே கெடக்கட்டும்னு அக்காதான் சொல்லிச்சு."

ஏழுமலை சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மலையில் ஆட்டை வாரத்துக்கு விடுவது எனக்குத் தெரியாத வழக்கமல்ல. ஒருவர் ஆடு, இன்னொருவர் உழைப்பு, குட்டியில் சமபங்கு, எழுத்து கிடையாது. வாரத்துக்கு விட்ட ஆட்டுக்கு என்ன ஆதாரம் என்று எத்தனை பேரைக் கேட்டு மனுவைத் தள்ளியிருப்பேன்! என் மனைவியின் சொத்தையே இத்தனை வருடம் ஆடித் திருவிழாவில் பார்த்துப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். ஏன் இரண்டு இரண்டாக ஏறியது என்பது அந்தப் படிக்கட்டில்தான் புரிந்தது. சுருக்குப்பையைப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிங்க மாமா, நேரமாவுது," என்றாள் செல்வி.

பணம் கட்டினோம். மாலை ஐந்து மணிக்குச் சரோஜாவை உள்ளே கொண்டுபோனார்கள். நான் மறுபடியும் அதே திருப்பத்தில் நின்றேன். இந்த முறை நிபந்தனை எதுவும் போடவில்லை.

நான்காம் நாள் கண் விழித்தாள். எட்டாம் நாள் வங்கி மேலாளர் தாமே வந்தார். மருத்துவர் எதிரில் சரோஜா தெளிவாகத் தலையசைத்து விரல் வைத்தாள். மீதிச் செலவைப் பெட்டக நகை பார்த்துக்கொண்டது. நடைமுறை தன் நேரத்தில் சரியாகவே வேலை செய்தது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மாலைக்கு அது வந்து சேர்ந்திருக்காது. மருத்துவமனைக்கு எதிரில் அறை எடுத்துத் தங்கிய ஒரு மாதமும் நாங்கள் சாப்பிட்டது ஏழுமலை சாக்கில் சுமந்து வந்த சாமையும் புளியும்தான். நான் கேலி செய்த அதே சாமை, அதே புளி.

சரோஜாவுக்குப் பேச்சு மெதுவாகத் திரும்பியது. குண்டுகளை விற்றதைச் சொன்னேன். வாய் ஒருபக்கம் கோண, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எழுதி... வாங்குனீங்களா?" என்றாள். முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் என்னைக் கேட்ட மிக நல்ல கேள்வி அது.

தை மாதம் இருவரும் போளூர் போனோம். படிவத்தில் முதல் கட்டத்தை நிரப்பினேன். அன்றே சரோஜா இரண்டு வளையல்களை எடுத்துக்கொண்டாள். ஒன்று செல்வியின் பக்கத்து வீட்டில் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு, ஆடு வாங்க, வாரத்துக்கு. இன்னொன்று சரோஜாவின் கையில். எழுத்து வேண்டாமா என்று கேட்க என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன்.

தங்கம் வைத்திருப்பதைத் தவறென்று நான் சொல்லவில்லை. இன்றும் வைத்திருக்கிறேன். ஆனால் கஷ்ட காலத்தில் அது ஓடி வர வேண்டுமானால் யாராவது ஒருவர் கழுத்திலோ கொட்டகையிலோ உயிரோடு இருக்க வேண்டும். அம்மன் என் மனுவை ஏற்றாள். நிபந்தனையைத் தள்ளினாள். தள்ளியதுதான் பெரிய அருள்.

ஆகையால், கஷ்டத்தில் இருக்கும் அன்பர்களே, அவளிடம் கேளுங்கள். தைரியமாகக் கேளுங்கள். எந்த வீட்டு வழியாக வர வேண்டும் என்பதை மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

என் பொறாமை முழுவதும் போய்விட்டது என்றால் அம்மன் சிரிப்பாள். இந்த ஆடியில் கோயிலில் செல்வி எதிரே நின்றாள். என் கண் தானாகப் போயிற்று. பவளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு புதுக் குண்டு. பக்கத்தில் நின்ற சரோஜா என் முழங்கையை இடித்து, "சாமியப் பாருங்க," என்றாள்.

பார்த்தேன்.