உந்தப் படமும் ஐயாவின் அமாவாசையும்

எங்கள் அண்ணர் ஓரிடத்தில் இருந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை. கையில் பாண் துண்டுடன் யன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார். ஜெர்மனியின் எசன் நகரில் அவருடன் ஒரே அறையில் வாழ்ந்த தம்பி நான். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இன்று அவரைப் பற்றி எழுத அமர்ந்தால், எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

அண்ணர் பிறந்தது மலாயாவில், ஒரு ரப்பர் தோட்டத்தில். எங்கள் தகப்பனாரான ஐயா அத்தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர். காயத்துக்கு மருந்து கட்டுவதும் காய்ச்சலுக்குக் குளிசை கொடுப்பதும் அவர் வேலை. போர் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் அம்மாவையும் எங்கள் இருவரையும் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேற்றிவிட்டார். பிறகு ஜப்பான்காரர் தோட்டத்துத் தமிழரைச் சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில்பாதை போடக் கொண்டுபோனபோது, ஐயாவையும் மருந்துப் பெட்டியோடு கொண்டுபோனார்களாம். போர் முடிந்து திரும்பியவர்களில் ஒருவரும் ஐயா இறந்ததைக் கண்டதாகச் சொல்லவில்லை. உயிரோடு கண்டதாகவும் சொல்லவில்லை.

அம்மா பொட்டை அழிக்கவில்லை. ஆடி அமாவாசை வந்தால், தகப்பனை இழந்த ஊர்ப் பிள்ளைகள் கீரிமலையில் தீர்த்தமாடி விரதம் இருப்பார்கள். மூத்த பிள்ளையான அண்ணர் என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தில் நடப்பார். ஐயா இருக்கையில் விரதம் பிடித்தால் மகாபாவம். ஐயா போயிருந்தால், பிடிக்காமல் விட்ட ஒவ்வோராண்டும் அவர் பசித்திருப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அண்ணர் படித்தார், அறுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனி வந்து உருக்காலையில் பயிற்சி பெற்றார், வேலையிலும் அமர்ந்தார். என்னையும் கூப்பிட்டெடுத்துப் படிப்பித்தார். கல்யாணப் பேச்சு எடுத்தால், "இந்த ஆடி கழியட்டும்" என்பார். ஆடிகள் கழிந்தன, அண்ணர் அசையவில்லை.

அப்போது அண்ணர் பார்த்ததுதான் அந்த ஆங்கிலப் போர்ப்படம். சயாம் காட்டில் கைதிகளாக அகப்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கதை. அதன் பெயரை அண்ணர் ஒருநாளும் சொன்னதில்லை. "உந்தப் படம்" என்பார். எசனில் பார்த்தார், கெல்சென்கிர்ச்சனில் பார்த்தார், எந்த ஊரில் திரும்பவும் ஓடினாலும் போய்ப் பார்த்தார். கதாநாயகனை விட்டுவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் மண் சுமக்கிறவர்களையே கழுத்தை நீட்டிப் பார்ப்பார்.

"அண்ணை, அவங்கள் நடிகரல்லோ?" என்றேன்.

"தெரியுமடா. எண்டாலும் எங்கட ஆக்களில ஒருத்தனையாவது காட்டியிருக்கக் கூடாதோ?"

படம் பார்த்த எவரையும் அவர் சும்மா விடுவதில்லை, அபிப்பிராயம் கேட்பார். எங்கள் ஜெர்மன் வீட்டுக்கார அம்மாள், படத்தில் வரும் தளபதியின் நிமிர்ந்த நடையில், போரில் இழந்த தன் அண்ணனைக் கண்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த நண்பர், "ஆக்டிங் ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்! செகண்ட் ஹாஃப்தான் கொஞ்சம் ஸ்லோ" என்றார்.

"எங்கட ஆக்களைக் கண்டனீங்களோ?"

"எந்த ஆட்கள் சார்?"

அண்ணர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நண்பர் பாவம், தான் என்ன பிழை சொன்னோம் என்று என்னைப் பார்த்து விழித்தார்.

ஒரு ஞாயிறு பிற்பகல் மறுபடியும் அந்தப் படத்துக்குப் போயிருந்தோம். உள்ளே இருக்க முடியாமல் அண்ணர் எழுந்து வர, நானும் பின்னால் வந்து கொட்டகை வாசலில் நின்றேன். படம் பாதியில் இருக்கும்போதே இன்னொருவரும் வெளியே வந்தார். அண்ணர் வழக்கம்போலப் படம் எப்படி என்று கேட்டார்.

"எல்லோரும் நன்றாகக் கொழுத்திருக்கிறார்கள்" என்றார் அவர். ஒல்லாந்துக்காரர். அந்தக் காட்டில் தானும் கைதியாக இருந்தவராம்.

அண்ணர் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். தமிழர்கள் இருந்தார்களா? இருந்தார்கள், ஆற்றுக்கு மேற்புறம். மழையோடு வாந்திபேதி வந்தது. அவர்களுக்கு மருந்து கொடுத்த ஒருவர் காலையில் வந்து, நோயாளிகளுக்கென்று உப்புக் கேட்டு நிற்பார். நல்ல ஆங்கிலம் பேசுவார். ஒரு காலை அவர் வரவில்லை. அவருக்கும் வந்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

"கண்ணாடி போட்டிருந்தாரா?" என்று அண்ணர் கேட்டார்.

அந்த மனிதர் தன் கோட்டைப் பிடித்த கையின் மேல் கை வைத்தார். "நினைவில்லை. உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு மனமில்லை."

அந்த ஆண்டு அண்ணர் ஆடி அமாவாசை விரதம் பிடித்தார். விரதச் சமையலுக்கு வேண்டிய கசப்பான காத்தோட்டிக்காய்க்கு எசனில் எங்கே போவது? ஏதோவொரு கசப்புக் கீரையை வாங்கி வதக்கினார்.

"அண்ணை, முடிவாத் தெரியாமல் பிடிக்கலாமோ?"

"உப்புக் கேட்டு நிண்ட மனுசன் ஆராயிருந்தாலும் அவருக்கும் ஒரு பிள்ளை இருந்திருக்கும். அதுக்கும் ஒண்டும் தெரியாது. அம்மாவிட்டை மூச்சு விடாதை."

சில ஆண்டுகளில் அம்மா காலமானார். இருவரும் ஊருக்கு ஓடினோம். கிரியைக்கு வந்த குருக்கள் அண்ணரைத் தனியே அழைத்து, "தம்பி, அம்மாவுக்குக் கல்யாணக் கூறை உடுத்திறதோ, வெள்ளையோ? தகப்பனார் இருக்கிறாரோ?" என்று கேட்டார். ஆண்டுதோறும் ஐயாவுக்கு விரதம் பிடித்த அண்ணர், தலை நிமிர்ந்து சொன்னார்:

"இருக்கிறார். கூறை உடுத்தச் சொல்லுங்கோ. பொட்டும் பெரிசா வைக்கட்டும்."

அடுத்த ஆடியில் எசனில் மறுபடியும் விரதம் பிடித்தார். இம்முறை கசப்புக் கீரையை நான் வாங்கிவந்தேன்.

சென்ற ஆண்டு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலும் கட்டிலைவிட்டு இறங்கி நடந்து தாதிமாரிடம் ஏச்சு வாங்கினார். நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

அவருடைய சட்டைகளைக் கடைசிவரை தோய்த்துக் கொடுத்த வீட்டுக்கார அம்மாளுக்கும், நான் ஊர் போகும் விமானச் சீட்டுவரை ஓடித்திரிந்த சென்னை நண்பருக்கும், சவப்பெட்டியைத் தோளில் சுமந்த உருக்காலைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. பொய் சொல்ல மறுத்த அந்த ஒல்லாந்துக்காரர் எங்கிருந்தாலும் நலமாக இருக்கட்டும்.

குருக்களுக்கும் ஒரு நன்றி உண்டு. முப்பத்தோராம் நாள் கீரிமலையில், அண்ணரை முன்னோருடன் சேர்க்கும் கிரியையில், போனவர்களின் பெயர்களை என்னிடம் கேட்டார். நான் முதலில் ஐயாவின் பெயரைச் சொன்னேன். அம்மாவைக் கூறையுடன் அனுப்பிவைத்தவரும் அந்தக் குருக்களே. என்னை ஒருதரம் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல், அண்ணரின் பிண்டத்தை எடுத்து ஐயாவின் பிண்டத்தோடு சேர்த்துவிட்டார்.