சவுரிராயன் கிழிக்காத சீட்டு

வேலை முடிந்த கையோடு சவுரிராயன் சீட்டைக் கிழிக்க மாட்டார். நான்கு வருடம் என் மேசையிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். புது வேலை வந்தால் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஊர், ஆள், சாமான், நாள் எல்லாவற்றையும் பொடி எழுத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். வேலை முடிந்தாலும் சீட்டு பையிலேயே கிடக்கும். பத்து நாள் கழித்து அந்த நிலத்துக்காரருக்குப் போன் போட்டு, "கடைசி செடி வரிக்கும் தண்ணி போவுதா?" என்று கேட்பார். போகிறது என்று பதில் வந்தால்தான் சீட்டை நான்காகக் கிழித்து, டீ குடித்த பேப்பர் கப்பில் போடுவார்.

அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வரும். ஒரு நிறுவனத்தின் மொத்த வேலையும் ஒருவருடைய சட்டைப் பையில் இருக்கலாமா?

எங்களுடையது திண்டிவனத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருக்கும் சின்ன நிறுவனம். விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுக்கிறோம். முதலாளி ராஜசேகர் 1993இல் விழுப்புரத்தில் மோட்டார் பழுது பார்க்கும் கடை ஆரம்பித்தபோது சேர்ந்த முதல் ஆள் சவுரிராயன். அவர் பத்தாவதில் தவறியவர். நான் 2011இல் பி.சி.ஏ. முடித்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என்ன வேலை என்று யாராவது கேட்டால் அப்பா "கம்ப்யூட்டர்ல கீது" என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது.

சேர்ந்த அன்று ராஜசேகர் சொன்னார்: "பன்னண்டு ஊர்ல வேலை நடக்குது சூர்யகலா. எது எங்க நிக்குதுன்னு எனக்கே தெரியல. நீ படிச்ச பொண்ணு, எதுனா பண்ணும்மா."

அந்த 'எதுனா'வைத்தான் நான் அடுத்த மூன்று வருடம் தேடினேன். முதலில் எக்செல்லில் ஒரு பட்டியல் போட்டேன். ஒரே மாதத்தில் அது ஐந்து பட்டியலாகிவிட்டது. 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'ராஜசேகர் சார் ஃபைனல்' என்று ஒவ்வொருவரிடமும் ஒன்று. அடுத்து வாட்ஸாப் குழு. வல்லத்துக்கு எத்தனை குழாய் என்று ஒருவர் கேட்பார், அதன்மேல் ஏழு காலை வணக்கப் பூக்கள் வந்து விழும். கடைசியாக 2014இல் இலவசச் செயலி ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு, 'செய்ய வேண்டியது', 'நடப்பது', 'முடிந்தது' என்று மூன்று கட்டம். யூடியூபில் அதை விளக்கிய அலுவலகங்களில் கண்ணாடிச் சுவர்கள் இருந்தன. அங்கே யாருக்கும் எங்களைப் போல நடுவில் போன் சிக்னல் போகவில்லை.

சவுரிராயனிடம் பட்டன் போன்தான். என் திரையைக் குனிந்து பார்த்தார்.

"இதுல நான் எங்க கீறேன் கலாம்மா?"

"இந்த நீலக் கார்டு எல்லாம் நீங்கதான்ணா."

"மூஞ்சி இல்லாம நீலமா கீறேன். செரி, முடிஞ்சிச்சின்னு ஆரு சொல்றது?"

"ஃபிட்டர் சொல்வாருண்ணா."

"பைப்பு போட்டவனே முடிஞ்சிச்சின்னு சொல்லிக்கினா எல்லாந்தான் முடிஞ்சிடும். இன்னொரு கட்டம் போடு. தண்ணி போவுதான்னு."

"அப்படிப் போட்டா எந்த வேலையுமே முடியாதுண்ணா."

இன்னொரு கட்டம் சேர்க்க அரை நிமிடம்கூட ஆகாது. வீடியோவில் மூன்றுதான் இருந்தது, அதனால் நானும் மூன்றே போதும் என்று இருந்துவிட்டேன்.

அவர் பக்கமும் தப்பு இல்லாமல் இல்லை. அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் எங்களில் ஒருவருக்கும் எந்த வேலை எங்கே நிற்கிறது என்று தெரியாது. கேட்டால், "நான் வந்து சொல்றேன், பேஜாரு பண்ணாத" என்பார். அந்த ஐப்பசியில் வல்லத்து மாரியப்பன் கேட்ட வால்வுக்கான சீட்டு சட்டையோடு சோப்புத் தண்ணீரில் ஊறிக் கரைந்துபோனது. பன்னிரண்டு நாள் காத்திருந்த மாரியப்பன் மாடிப்படியில் நின்றபடியே கத்திவிட்டுப் போனார். அன்றே ராஜசேகர் உத்தரவு போட்டார். இனி சீட்டு யார் பையிலும் இருக்கக்கூடாது. சாயங்காலம் எல்லாம் என்னிடம் வந்துவிட வேண்டும். நான் கார்டில் ஏற்றிவிட்டுச் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் பங்குக்கு நானும் ஒரு விதி வைத்தேன். தண்ணீரில் வரும் மண்ணை வடிகட்டும் பில்டரைப் பொருத்தி, அதன் பக்கத்தில் நிலத்துக்காரர் நிற்கிற போட்டோ இல்லாமல் எந்தக் கார்டும் 'முடிந்தது'க்குப் போகக்கூடாது.

2015 தை மாதம் பிரம்மதேசம் காசியம்மாளின் வேலை வந்தது. இரண்டு ஏக்கர் தர்பூசணி. புருஷன் இல்லாதவர், போன் இல்லாதவர். பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தார். சவுரிராயன் எழுதி வந்த சீட்டைப் பார்த்து நான் கார்டு போட்டேன். நான்கே நாளில் போட்டோ வந்தது. காசியம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு பில்டர் பக்கத்தில் விறைப்பாக நின்றிருந்தார். கார்டு 'முடிந்தது'க்குப் போய்ப் பச்சையானது. சீட்டை நானே கிழித்துப் போட்டேன்.

மாசி முடிகிற நேரத்தில் காசியம்மாள் பஸ் பிடித்து வந்தார். பையிலிருந்து ஒரு சாண் குழாய்த் துண்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார். சொட்டு விழும் ஓட்டையெல்லாம் செம்மண் அடைத்துக் காய்ந்திருந்தது.

"பூவு விட்ட நேரத்துல தண்ணி நின்னு போச்சி. பாதிக் கொல்லை வதங்கிட்ச்சி. பில்டர எடுத்துக்கினு போன புள்ள திரும்பியே வரல."

"எடுத்துக்கினு போனானா?" என்றார் சவுரிராயன்.

எங்கள் ஃபிட்டர் முகம்மது ஆசிப், கோட்டக்குப்பத்துப் பையன், தலையைக் குனிந்தான். "அந்த வாரம் ஸ்டாக்குல ஒரே பில்டர்தான் இருந்திச்சிண்ணா. போட்டோ இல்லாம கார்டு நகராது. நகரலன்னா அக்கா சாயங்காலம் போன் போட்டுத் திட்டுவாங்க. அதான் ஒண்ணையே வண்டில வெச்சிக்கினு ஆறு கொல்லைலயும் படம் எடுத்தேன். ஸ்டாக்கு வந்ததும் மாட்டிடலாம்னு..."

திரையில் ஆறு படத்தையும் திறந்து பார்த்தேன். ஆறிலும் ஒரே நீல பில்டர், மூடியில் அதே கீறல். மறு வாரம் பில்டர்கள் வந்திருந்தன. 'நடப்பது' கட்டத்தில் இருந்த கார்டுகளுக்குத்தான் வண்டியில் ஏற்றினார்கள். இந்த ஆறும் 'முடிந்தது' கட்டத்தில் இருந்தன. மற்ற ஐந்து பேரும் போன் போட்டுச் சத்தம் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

"நீங்க போன் போடுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்யா," என்றார் காசியம்மாள். "போடுறேன்னு சொல்லிட்டுத்தான போனீங்க?"

சவுரிராயன் கை சட்டைப் பையைத் தொட்டது. பை காலி. சீட்டு இல்லையென்றால் அவருக்கு எந்த வேலையும் நினைவில் நிற்காது.

ராஜசேகர் உள்ளேயிருந்து வந்தார். "கார்டுல ஆரு பேரு?"

"சவுரி அண்ணா பேருதான் சார்," என்றேன். அது உண்மை. சூப்பர்வைசரான அவர் பெயர்தான் எல்லாக் கார்டிலும் இருக்கும். போட்டோ விதி என்னுடையது, சீட்டைக் கிழித்தது நான் என்பதும் உண்மைதான். அதை நான் சொல்லவில்லை.

சவுரிராயன் என்னை ஒருமுறை பார்த்தார். "ஆமா சார், என் பேருதான்." பிறகு காசியம்மாளிடம், "உன் பஸ் டிக்கெட்ட குடும்மா" என்று வாங்கி, பின்பக்கத்தில் எழுதிப் பைக்குள் வைத்தார். "பில்டரு, ரெண்டு ஏக்கருக்கும் புது டியூபு, நானே வந்து போடறேன். அடுத்த வெள்ளாமைக்கு, வர்ற தைக்குள்ள தண்ணி ஓடும்."

மறு வாரமே அவரை எங்கள் விழுப்புரம் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கிருந்து எனக்கு மூன்று முறை போன் போட்டார்.

"கலாம்மா, அந்தம்மா கார்ட பின்னால தள்ளும்மா. 'நடப்பது'ல இல்லாத கார்டுக்கு சாமான் தரமாட்டேன்றாங்க. நீ கொண்டாந்த கார்டுதான."

"மாசக் கடைசி ரிப்போர்ட் போவட்டும்ணா."

அந்தச் செயலியில் கார்டை யார் நகர்த்தினாலும் நகர்த்தியவர் பெயர் பதிவாகும். பச்சையான கார்டு ஒன்று என் பெயரில் பின்னால் போவதை ராஜசேகர் பார்த்துவிட்டால் என்ன கேட்பார் என்று பயந்தேன். மூன்று மாதக் கடைசிகள் போயின. நாலாவது முறை போன் வரவில்லை. ஆடி மாதம் கிடங்கிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

விழுப்புரத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி சவுரியம்மாள் அலமாரியிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்துத் தந்தார். "அந்த வால்வு சண்டைக்கப்புறம் பையைப் பாக்காம துணிய ஊற வெக்கிறதே இல்லம்மா. கடைசியா இது ஒண்ணுதான் இருந்திச்சி. ஆபீசுக்கு வேணுமோ இன்னாவோ."

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தக் கார்டை 'நடப்பது' கட்டத்துக்கு நகர்த்தினேன். ராஜசேகர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கவனிக்கவேயில்லை. இதற்குத்தான் நான் ஐந்து மாதம் பயந்திருந்தேன். சாமான் கேட்டு எழுதிக் கொடுத்தபோது மட்டும், "செத்துப்போனவரு குடுத்த வாக்குக்கு நான் இன்னா பண்றது? பாக்கலாம்" என்றார்.

இப்போது 2017. நான்காவது கட்டத்தைச் சேர்த்துவிட்டேன். 'தண்ணீர் போகிறதா?' என்று அதற்குப் பெயர். ஆசிப் ஒழுங்காகப் போன் போட்டுக் கேட்கிறான். காசியம்மாளின் கார்டு மட்டும் இன்னும் அந்தக் கட்டம் வரை வரவில்லை. ஒருமுறை பிரம்மதேசம் வழியாகப் பஸ்ஸில் போனபோது, அவர் கொல்லை வேலியில் எங்கள் கறுப்புக் குழாய்கள் சுருட்டித் தொங்குவதைப் பார்த்தேன். அவர் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சிக்கொண்டிருந்தார். நான் இறங்கவில்லை.

'காசியம்மா. பில்டர் 1. டியூப் 2 ஏக்கர். தைக்குள்ள.' டிக்கெட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. சவுரிராயன் எழுதிய பிறகு இரண்டு தை போய்விட்டது. கெடு தாண்டிய கார்டு சிவப்பாகிவிடும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து தேதியைத் தள்ளி வைக்கிறேன்.