ஓட்ரா ஆற்றங்கரையில் யாருடைய வீடு

சமையலறை ஜன்னலோரம் அரிசி களையும்போதெல்லாம் என் செல்போன் 'ஜெர்மனிக்கு நல்வரவு' என்று செய்தி அனுப்பும். கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றால் மறுபடி போலந்து. இடையே ஓடும் ஓட்ரா ஆறுதான் எல்லை. யாங்கோனிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் ஒரு நாட்டில் நிலையாக நிற்க விடமாட்டேன் என்கிறதே என்று சிரித்துக்கொள்வேன்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்தச் சிற்றூரில் இருந்தவர்கள் ஜெர்மானியர்கள். போர் முடிந்து எல்லையை ஆற்றுக்கு நகர்த்தியதும் அவர்களை அக்கரைக்கு விரட்டிவிட்டு, கிழக்கே தங்கள் ஊரைப் பறிகொடுத்த போலந்துக்காரர்களை அந்த வீடுகளில் குடியேற்றினார்கள். என் வீட்டுக்காரம்மா ஹலினா அப்படி வந்தவர்களின் மகள். யாராவது வந்து வீட்டைத் திருப்பிக் கேட்பார்கள் என்று அவருடைய அப்பா கடைசிவரை பெட்டியை அவிழ்க்கவே இல்லையாம். யாங்கோனில் அலோன் பகுதியிலிருந்த எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. ராணுவ ஆட்சி கடைகளைப் பறித்துக்கொண்டதும் தெருவில் பாதித் தமிழர்கள் மதராஸுக்குக் கப்பலேறியபோது அப்பா கட்டியது. நாங்கள் போகவும் இல்லை, அதை அவிழ்க்கவும் இல்லை.

போன மாதம் ஒரு முதியவர் கேட்டருகே நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யாங்கோனில் தமிழரானாலும் பர்மியரானாலும் முகம் பார்த்ததும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். பழக்கதோஷத்தில் போலிஷ் மொழியில் கேட்டுவிட்டேன்: "சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லை. ரொம்ப நன்றி" என்று ஜெர்மன் வாடையடிக்கும் போலிஷில் சொல்லி, கேட்டைத் திறந்து உள்ளே வந்துவிட்டார். விருந்துக்கு அழைத்ததாக நினைத்துவிட்டார், பாவம். மீன்குழம்பில் சேமியா போட்ட மொய்ங்கா ஒரு கிண்ணம் வைத்தேன். ரசித்துச் சாப்பிட்டபடியே, "நான் பிறந்தது இந்த வீட்டில்தான்" என்றார்.

மாடியிலிருந்து இறங்கி வந்த ஹலினாவின் முகம் வெளிறிவிட்டது. "வீட்டைக் கேட்டு வந்தீங்களா?"

"இல்லம்மா. அக்கரையில எனக்கு வீடு இருக்கு. அங்கிருந்து தினமும் இதைப் பார்க்கிறேன். ஒரு தடவை இங்கிருந்து அதைப் பார்க்கணும்."

ஹலினா துணியை எடுத்து மேஜையைத் துடைக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து, யாங்கோனின் தாமுவே பகுதியில் அண்ணன் வீட்டிலிருக்கும் அம்மாவின் போன். தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னேன்.

"வயசானவரா? காட்டிட்டு அனுப்பச் சொல்லு, தமீ" என்றாள். மகளைப் பர்மியில் அப்படித்தான் கூப்பிடுவாள். "பாத்தா தேஞ்சா போயிரும்?"

அம்மா என்ன சொல்கிறாள் என்று ஹலினா கேட்டார். மொழிபெயர்த்தேன். துணியை மேஜைமேல் போட்டுவிட்டு, "மாடி ஜன்னல்லதான் நல்லாத் தெரியும்" என்று முன்னால் நடந்தார்.

முதியவர் ஜன்னலில் வெகுநேரம் தேடினார். தன் வீடு எதுவென்று அவருக்குப் பிடிபடவில்லை. "எல்லாம் ஒண்ணு போலத் தெரியுதே. வாசல்ல பச்சைப் படகு கவுத்திருக்கும்..."

"பச்சைப் படகா?" ஹலினா அவர் தோளுக்கு மேலாக விரலை நீட்டினார். "அதோ. சாயங்காலம் முதல்ல விளக்கு எரியறது அந்த வீட்லதான்."

 அலோன் வீட்டை விற்றாயிற்று. அந்த ஜன்னலில் நின்று என் வீடு என்று எந்தப் பக்கம் கையை நீட்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.